பழைய மெட்டல் பேண்டுகளைத் திருப்பிக் கூட்டி வருவது யார்?

பிரிட்டனின் ஹெவி மெட்டல் பேண்ட் ஜூடாஸ் பிரீஸ்டின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்' 2024 மார்ச்சில் வந்தபோது அதன் பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு வயது 72. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் அது இரண்டாம் இடத்துக்குப் போனது. அந்த வருடக் கடைசியில் ஸ்வீடனின் ஓப்பெத் 16 வருடம் கழித்துக் குரோல் குரலோடு, அதாவது தொண்டையிலிருந்து உறுமிப் பாடும் குரலோடு, ஓர் ஆல்பம் போட்டது. 2025 செப்டம்பரில் பாரடைஸ் லாஸ்டின் 'அசென்ஷன்', அக்டோபரில் டெஸ்டமென்டின் 'பாரா பெல்லம்', அதே அக்டோபரில் 1993க்குப் பிறகு முதல் முழு ஆல்பமாக ஸ்விட்சர்லாந்தின் கோரனர் பேண்ட் போட்ட 'டிசொனன்ஸ் தியரி'. மெட்டல் கேட்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்படித்தான் போகிறது: பழைய ஆளுங்க எல்லாம் ஃபார்முக்கு வந்துட்டாங்கப்பா.

வந்துவிட்டார்கள், சரி. எப்படி வந்தார்கள் என்று கேட்டால்தான் பதில் சப்பென்று போகிறது. வயதானதும் புத்தி வந்தது, ரசிகர்கள் திட்டித் தீர்த்ததால் வழிக்கு வந்தார்கள், பழைய பாட்டுக்குத்தான் கச்சேரியில் காசு என்று புரிந்துகொண்டார்கள், இப்படி ஏதாவது சொல்வார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கடந்த 25 வருடத்தில் இப்படித் திரும்பி வந்ததாகக் கொண்டாடப்பட்ட ஆல்பங்களை எடுத்து, பாடகர் பெயரை விட்டுவிட்டு மற்ற பெயர்களைப் பாருங்கள். யார் தயாரித்தார், யார் மிக்ஸ் செய்தார், புதிதாக வந்த கிட்டாரிஸ்ட் யார், டிரம்மர் யார்? எனக்குத் தெரிந்து பெரும்பாலான ஆல்பங்களில் ஒரே விஷயம்தான் நடந்திருக்கிறது. அந்த பேண்டைச் சின்ன வயதில் ரசிகனாகக் கேட்டு வளர்ந்த ஓர் ஆள், ஸ்டுடியோவுக்குள் முடிவெடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் இவர்கள் ஏன் தொலைந்து போனார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். 1991 ஆகஸ்டில் மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பம், அடுத்த மாதமே நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்'. முதலாவது, வேகத்தைக் குறைத்தால் கோடிக்கணக்கில் விற்கலாம் என்று காட்டியது. இரண்டாவது, நீண்ட முடியும் நீண்ட சோலோவும் ஒரே நாளில் பழசாகிவிட்டது போலக் காட்டியது. த்ராஷ் என்ற அதிவேக மெட்டலை வாசித்த பேண்டுகளைப் பெரிய லேபிள்கள் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டன. மிச்சமிருந்தவர்கள் மாறிப் பார்த்தார்கள். கிட்டாரைக் கீழே இறக்கி டியூன் செய்து அமெரிக்காவின் பேண்டெரா பேண்ட் மாதிரி வாசித்தவர்கள் உண்டு, கீபோர்டைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. 1999ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெகாடெத்தின் 'ரிஸ்க்', ஜெர்மனியின் க்ரியேட்டர் போட்ட 'எண்டோராமா', பாரடைஸ் லாஸ்டின் 'ஹோஸ்ட்' மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தவை. முதலாவது ரேடியோவுக்காகச் செய்த ராக், இரண்டாவது கோத்திக், மூன்றாவது கிட்டத்தட்ட சின்த் பாப், அதாவது சின்தசைசரை வைத்துச் செய்கிற பாப். ஹால்ஃபோர்டே ஜூடாஸ் பிரீஸ்டை விட்டுப் போய், 1998இல் டூ என்ற பெயரில் இண்டஸ்ட்ரியல் ஆல்பம் போட்டவர்தான். அவர் இல்லாத பிரீஸ்ட், டிம் ஓவன்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரை வைத்து 'ஜக்யுலேட்டர்' செய்துகொண்டிருந்தது. (இதில் 'ஹோஸ்ட்' நல்ல ஆல்பம் என்பது என் கட்சி. 'ரிஸ்க்'குக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.)

திருப்பம் வந்தது 2001இல். டெஸ்டமென்ட் பாடகர் சக் பில்லிக்குப் புற்றுநோய். சிகிச்சைச் செலவுக்காக அந்த ஆகஸ்டில் சான் ஃப்ரான்சிஸ்கோவில் 'த்ராஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' என்று ஒரு கச்சேரி வைத்தார்கள். டெத் என்ற பேண்டின் சக் ஷுல்டினருக்கும் சேர்த்துத்தான் நிதி திரட்டினார்கள். அவர் அந்த டிசம்பரில் இறந்துபோனார். அந்த மேடைக்காகக் கலைந்துபோன உள்ளூர் பேண்டுகள் எல்லாம் மறுபடி கூடின. எக்ஸோடஸ், டெத் ஏஞ்சல், ஃபர்பிடன், ஹீத்தன், வயலன்ஸ். பலர் அந்த ஒரு நாளுக்காக வந்தவர்கள்தான். வாசித்து முடித்ததும், இதை ஏன் விட்டோம் என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் 2004இல் எக்ஸோடஸும் டெத் ஏஞ்சலும் புது ஆல்பத்தோடு நின்றார்கள். எக்ஸோடஸின் மூலப் பாடகர் பால் பாலாஃப் 2002 தொடக்கத்திலேயே பக்கவாதத்தில் போய்விட்டார், ஸ்டீவ் சூசாவைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் 'டெம்போ ஆஃப் த டேம்ட்' செய்தார்கள். சக் பில்லி பிழைத்துக்கொண்டார், இன்னும் கர்ஜித்துக்கொண்டிருக்கிறார்.

'டெம்போ ஆஃப் த டேம்ட்' ஆல்பத்தைத் தயாரித்தவர் ஆண்டி ஸ்னீப். இந்தப் பெயரை இனி அடிக்கடி பார்க்கப்போகிறோம்.

க்ரியேட்டர் 'எண்டோராமா'விலிருந்து மீண்டு 2001இல் 'வயலன்ட் ரெவல்யூஷன்' போட்டபோது தயாரிப்பாளர் ஸ்னீப். மெகாடெத் ஒருவழியாகப் பழைய வேகத்துக்கு வந்த 'எண்ட்கேம்' (2009) அதன் தலைவர் டேவ் மஸ்டேனும் ஸ்னீப்பும் சேர்ந்து தயாரித்தது. டெஸ்டமென்டுக்குப் பழைய கிட்டாரிஸ்ட் அலெக்ஸ் ஸ்கோல்னிக் திரும்பி வந்த 'த ஃபார்மேஷன் ஆஃப் டேம்னேஷன்' (2008), 14 வருட இடைவெளிக்குப் பின் புதுப் பாடகரோடு அக்செப்ட் வந்த 'பிளட் ஆஃப் த நேஷன்ஸ்' (2010), இரண்டும் ஸ்னீப்தான். கார்கஸ் 17 வருடம் கழித்துப் போட்ட 'சர்ஜிகல் ஸ்டீல்' (2013) ஆல்பத்தைப் பழைய ஆள் காலின் ரிச்சர்ட்சன் தயாரித்தார், ஆனால் மிக்ஸிங்கை முடித்துக் கொடுத்தது ஸ்னீப். சாக்ஸனின் கடைசிப் பத்து வருட ஆல்பங்களிலும் அவர் கை இருக்கிறது. தற்செயல் என்று ஒன்றிரண்டைச் சொல்லலாம், இத்தனையையும் சொல்ல முடியாது.

யார் இவர்? ஜூடாஸ் பிரீஸ்ட் தொடங்கிய அதே 1969இல் பிறந்த இங்கிலாந்துக்காரர். பதின்ம வயதிலேயே சப்பாத் என்ற நாட்டிங்ஹாம் த்ராஷ் பேண்டில் கிட்டார் வாசித்தவர், 1988, 89இல் அவர்கள் போட்ட இரண்டு ஆல்பங்களும் பிரிட்டிஷ் த்ராஷில் இன்றும் பேர் சொல்லும். பேண்ட் உடைந்ததும் ஒலிப்பதிவுப் பக்கம் போய் டெர்பிஷயரில் ஸ்டுடியோ வைத்துக்கொண்டார். இவரைப் புரிந்துகொள்ள உதவுவது இந்தப் பெரிய பேண்டுகள் எதுவுமில்லை, ஹெல் என்ற பேண்டின் கதைதான். எண்பதுகளின் தொடக்கத்தில் டெர்பி பக்கம் இருந்த பேண்ட் அது. ஒப்பந்தம் போட்ட லேபிள் திவாலாகி, ஒரு முழு ஆல்பம்கூட வராமல் கலைந்துபோனது. அதன் பாடகர், கிட்டாரிஸ்ட் டேவ் ஹாலிடேதான் சிறுவன் ஸ்னீப்புக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர். ஹாலிடே 1987இல் இறந்துவிட்டார். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, மிச்சமிருந்த உறுப்பினர்களைத் தேடிப் பிடித்து, தானே ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, குருவின் பாட்டுகளை ஒழுங்காகப் பதிவு செய்து 2011இல் 'ஹியூமன் ரிமெய்ன்ஸ்' என்ற ஆல்பமாக வெளியிட்டார் ஸ்னீப். ஒரு பேண்ட் தன் நல்ல காலத்தில் எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்பதை, அந்த பேண்டைவிடத் தெளிவாகத் தலையில் வைத்திருக்கிற ஆள் இவர். அவர் வேலை முழுவதும் அதுதான்.

இப்போது ஜூடாஸ் பிரீஸ்டுக்கு வருவோம், நான் சொல்கிற விஷயம் பளிச்சென்று தெரிகிற இடம் அது. ஹால்ஃபோர்ட் 2003இல் திரும்பி வந்துவிட்டார். எல்லோரும் கேட்ட ரீயூனியன் நடந்தாயிற்று, ஆனால் ஃபார்ம் வரவில்லை. 2005 ஆல்பம் பரவாயில்லை ரகம். 2008இல் 'நாஸ்ட்ரடாமஸ்' என்று நூறு நிமிடத்துக்கு மேல் ஓடும் இரட்டை ஆல்பம், முழுக்கக் கீபோர்டும் வசனமும். அதாவது எல்லாப் பழைய ஆட்களும் உள்ளே இருந்தபோதுதான் இது நடந்தது. மூல உறுப்பினர்கள் சேர்ந்துவிட்டால் பழைய மந்திரம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் இந்த ஐந்தாறு வருடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2011இல் கிட்டாரிஸ்ட் கே.கே. டவுனிங் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ரிச்சி ஃபாக்னர் 1980இல் பிறந்தவர், பிரீஸ்டின் 'பிரிட்டிஷ் ஸ்டீல்' ஆல்பம் வந்த வருடத்துக்காரர். பேண்டின் கிளாசிக் ஆல்பங்களை எல்லாம் ரசிகனாகவே கேட்டு வளர்ந்த ஆள். 2014இல் வந்த 'ரிடீமர் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தில் பாட்டுகள் தெளிந்துவிட்டன, ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, வந்துவிட்டது, ஆனால் ஒலிப்பதிவு தட்டையாக, போர்வைக்கு அடியில் இருந்து கேட்பது போல இருந்தது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் கிட்டாரிஸ்ட் கிளென் டிப்டன். அடுத்ததற்குத்தான் ஸ்னீப்பைக் கூப்பிட்டார்கள். கூடவே 'பிரிட்டிஷ் ஸ்டீல்' முதல் 1988 வரை பேண்டின் ஆல்பங்களைத் தயாரித்த டாம் ஆலமையும். பழைய தயாரிப்பாளர் ஒரு பக்கம், ரசிகத் தயாரிப்பாளர் மறுபக்கம். 2018 மார்ச்சில் 'ஃபயர்பவர்' வந்தது, அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடம். 1969இல் தொடங்கிய பேண்டுக்கு அந்த நாட்டில் அதுவே மிக உயர்ந்த இடம், அவர்கள் 'பெயின்கில்லர்' ஆல்பத்தின் காலத்தில்கூட அங்கே போனதில்லை.

அந்த ஆல்பம் வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் என்று அறிவித்தார்கள். சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் நின்று வாசித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்னீப்பேதான். 2022 ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. இனி ஸ்னீப் வேண்டாம், ஒரே கிட்டாரோடு நால்வராகப் போகிறோம் என்று பேண்ட் அறிவித்தது. இரட்டைக் கிட்டார் இல்லாமல் ஜூடாஸ் பிரீஸ்டா என்று ரசிகர்கள் கொதித்ததில், சில நாளிலேயே முடிவை மாற்றிக்கொண்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஃபாக்னரோ அதற்கு முந்தைய வருடம் லூயிவில் விழா மேடையில் 'பெயின்கில்லர்' வாசித்துக்கொண்டிருக்கும்போதே இதயத்தின் மகாதமனி கிழிந்து, அப்படியே பாட்டை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல மணி நேர அறுவைச் சிகிச்சையில் பிழைத்தவர். இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் 'இன்வின்சிபிள் ஷீல்ட்'. அதில் ஹால்ஃபோர்டின் குரலை எல்லோரும் வியக்கிறார்கள், வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் குரலுக்குக் கீழே ஓடுகிற கிட்டாரைக் கவனியுங்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஸ்னீப் தொட்ட ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் சீக்கிரமே சலிக்கும். டிரம்ஸ் ஒவ்வொரு அடியும் ஒரே கனத்தில் விழும், கிட்டார் பிசிறில்லாமல் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். எண்பதுகளில் எக்ஸோடஸும் க்ரியேட்டரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி ஒலித்தன. க்ரியேட்டரின் 'பிளெஷர் டு கில்' (1986) எந்த நேரத்திலும் தடம் புரண்டுவிடும் போலப் போகும், அந்தப் பதற்றம்தான் அதன் அழகு. 'வயலன்ட் ரெவல்யூஷன்' தடம் புரளாது. நல்ல ஆல்பம், பாட்டுகள் அருமை, ஆனால் புரளாது. ரசிகன் நினைவில் வைத்திருக்கும் பேண்ட் எப்போதும் நிஜமான பேண்டைவிடக் கொஞ்சம் ஒழுங்கானது என்பதால் இருக்கலாம்.

இன்னொரு பக்கம், வெளி ஆள் வந்தும் ஒலியில் சறுக்கிய கதை மெட்டாலிகாவுடையது. 'செயின்ட் ஆங்கர்' (2003) ஆல்பத்தில் சோலோ இல்லை, ஸ்னேர் டிரம் தகர டின்னைத் தட்டியது போல. அடுத்ததற்குத் தயாரிப்பாளர் ரிக் ரூபினைக் கூப்பிட்டு, பழைய மாதிரி நீளமான, சோலோ நிறைந்த பாட்டுகளைப் போட்டு 2008இல் 'டெத் மேக்னெட்டிக்' வந்தது. பாட்டுகள் திரும்பிவிட்டன. ஆனால் ஒலி அளவை அநியாயத்துக்கு ஏற்றி, கரகரவென்று கிழிகிற மாதிரி விட்டார்கள். அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ கேமுக்குப் போனபோது அந்தப் பதிப்பு சுத்தமாக இருந்தது, கேமுக்கு அவ்வளவு இறுக்கிய மிக்ஸ் போகவில்லை. ஆயிரக்கணக்கான ரசிகர்கள் ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி மனுப் போட்டார்கள். கடைசிக் கட்ட ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சன், என்னிடம் வரும்போதே அது அப்படித்தான் வந்தது என்று கையை விரித்தார். நான் இன்றும் அந்த ஆல்பத்தை முழுசாக ஒரே மூச்சில் கேட்பதில்லை, காது வலிக்கும்.

எல்லா பேண்டுக்கும் வெளியிலிருந்து ஒரு ரசிகன் வர வேண்டும் என்பதில்லை. சில நேரம் பேண்டுக்குள் இருக்கிற ஆளே மறுபடி ரசிகனாகிவிடுவார். பாரடைஸ் லாஸ்ட் அப்படி. இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ்காரர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குரோல் பாடும் டெத் மெட்டலையும் மெதுவாகக் கனத்து நகரும் டூம் மெட்டலையும் கலந்து 'கோத்திக்' (1991) போட்டு, ஒரு வகை இசைக்கே அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள். அப்புறம் 'ஹோஸ்ட்' வரைக்கும் போய், அங்கிருந்து ஆல்பத்துக்கு ஆல்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள், ஆனால் பாடகர் நிக் ஹோம்ஸின் குரோல் மட்டும் வரவில்லை. நடுவில் கிட்டாரிஸ்ட் கிரெகர் மெக்கின்டாஷின் அப்பா புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை எதில் கொட்டுவது என்று தெரியாமல், சிறுவனாக இருந்தபோது கேட்ட பச்சையான டெத் மெட்டலுக்கே போய் வாலன்ஃபயர் என்ற தனி பேண்ட் தொடங்கினார், 2011இல் முதல் ஆல்பம். அதில் அவரே குரோல் பாடினார். 2014இல் ஹோம்ஸும் ஸ்வீடனின் பிளட்பாத் பேண்டில் குரோல் பாடகராகச் சேர்ந்தார். ஆக இருவரும் தனித்தனியே வெளியே போய் அந்தப் பழக்கத்தைத் திரும்பப் பிடித்துக்கொண்டு வந்த பிறகுதான், 2015இல் 'த பிளேக் விதின்' ஆல்பத்தில் பாரடைஸ் லாஸ்டுக்குக் குரோல் திரும்பியது. அதை ஏதோ ரசிகர் கோரிக்கைக்குப் பணிந்தது போலச் சொல்கிறவர்கள் வாலன்ஃபயரைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

வாலன்ஃபயரின் கடைசி ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் வால்ட்டெரி வாய்ரினென் என்ற ஃபின்லாந்து இளைஞர். அவர் பாரடைஸ் லாஸ்டிலும் சேர்ந்து 'மெடூசா', 'அப்சிடியன்' இரண்டிலும் வாசித்தார். 2022இல் அங்கிருந்து ஓப்பெத்துக்குப் போனார். அவரோடு ஓப்பெத் செய்த முதல் ஆல்பம் எது? 2024இன் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்', குரோல் திரும்பி வந்த அதே ஆல்பம். டிரம்மர்தான் குரோலைக் கொண்டுவந்தார் என்று சொல்ல மாட்டேன், அது ஓப்பெத்தின் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்டின் முடிவு. ஆனால் டெத் மெட்டலில் ஊறிய ஓர் இளைஞர் பின்னால் உட்கார்ந்ததும் அந்தக் குரலுக்கு இடம் கிடைத்தது என்பதைக் காது கேட்கிறது.

ஓப்பெத்தின் கதையில் எனக்குப் பிடித்தது வேறு. 2008இன் 'வாட்டர்ஷெட்' வரை குரோல் இருந்தது. மறு வருடம் சென்னை ஐஐடியின் சாரங் விழாவுக்கு வந்து வாசித்தது அந்த ஓப்பெத். 2011இல் 'ஹெரிட்டேஜ்' வந்ததும் எழுபதுகளின் புரொக்ரஸிவ் ராக் பக்கம் முழுசாகச் சாய்ந்தார்கள், நாலு ஆல்பம் அப்படியே. பழைய ரசிகர்கள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். இப்போது குரோல் திரும்பியதும் அவர்கள் எல்லாம் நம்ம ஓப்பெத் வந்தாச்சு என்கிறார்கள். எங்கே வந்தாச்சு? முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஒரு பணக்காரக் குடும்பத்தில் உயில் வாசிக்கிற கதை, பாட்டுகளுக்குப் பெயர்கூடக் கிடையாது, சட்டப் பத்திரம் மாதிரி ஒன்று முதல் ஏழு வரை எண்தான், கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெயர். ஜெத்ரோ டல் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் இயன் ஆண்டர்சன் வந்து உயிலைப் படிக்கிறார், புல்லாங்குழலும் ஊதுகிறார். 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆல்பத்தைச் செய்த பேண்டால் இதைச் செய்திருக்க முடியாது. திட்டு வாங்கின அந்த நாலு ஆல்பங்களும் இல்லாமல் இது இல்லை.

கோரனரைப் பற்றிச் சுருக்கமாக. செல்டிக் ஃப்ராஸ்ட் என்ற ஸ்விஸ் மெட்டல் பேண்டுக்குக் கருவி தூக்கப் போன பையன்கள் தொடங்கிய ஸூரிக் பேண்ட், ரசிகர்கள் பேண்டானது என்பதற்கு அவர்களைவிட நல்ல உதாரணம் கிடையாது. கிட்டாரிஸ்ட் டாமி வெட்டர்லி, கோரனர் கலைந்த பிறகு க்ரியேட்டரில் வாசித்தார், அதிலும் 'எண்டோராமா'வில். பிறகு ஸ்டுடியோ நடத்தி மற்றவர்கள் ஆல்பங்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார். 2011இல் கோரனர் மேடைக்குத் திரும்பியும் புது ஆல்பத்துக்கு 2025 ஆகிவிட்டது. அவசரமே இல்லாத ஆல்பம், அது கேட்கும்போதே தெரிகிறது.

திரும்பி வந்த பேண்டுகள் தங்கள் தப்பான காலத்தை மறைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு பாரடைஸ் லாஸ்ட் கொடுத்த பதில் ரொம்பப் பிடித்தது. 2023இல் 'ஐகான்' ஆல்பத்தின் 30ஆவது வருடத்துக்காக அதை முழுசாகப் புதிதாகப் பதிவு செய்து போட்டார்கள், பழைய ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். அதே வருடம் ஹோம்ஸும் மெக்கின்டாஷும் சேர்ந்து ஒரு சின்த் ஆல்பமும் போட்டார்கள், தனிப் பெயரில். பேண்டுக்கு அவர்கள் வைத்த பெயர் ஹோஸ்ட்.